பீரங்கி ரேஞ்சும் ஒரு மரங்கொத்தியும்

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் வரவே இல்ல. ஆபீஸ்ல ஆணி அப்படி. "கடையை மூடிட்டியாப்பா?"ன்னு அக்கறையா விசாரிச்ச ரெண்டு நல்ல உள்ளங்களுக்கு நன்றி. (மீதிப் பேர் நிம்மதியா இருந்திருப்பீங்க, தெரியும்.) ஊர்லேருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருக்காங்க. இந்தப் பதிவே அப்பா புண்ணியத்துல வந்ததுதான். கொஞ்சம் நீளம். டீயோ காபியோ போட்டுக்கிட்டு வந்து உக்காந்துருங்க.

அப்பா மெட்ராஸ் சாப்பர்ஸ்ல ஹவில்தாரா இருந்து ரிடையர் ஆனவர். எங்களுக்கு வேலூர் பக்கம். அந்தப் பக்கத்து ஆளுங்களுக்குச் சொல்லவே வேணாம், தெருவுக்கு நாலு வீட்டுலயாவது கறுப்பு டிரங்குப் பெட்டி இருக்கும், மேல வெள்ளை பெயிண்ட்ல நம்பரும் பேரும் எழுதி.

வந்து மூணாவது வாரம். கேரி பெருமாள் கோயில் பார்த்தாச்சு, வால்மார்ட் பார்த்தாச்சு, பால்கனியில உக்காந்து பார்க்கிங்ல எத்தனை கார் நிக்குதுன்னும் எண்ணியாச்சு. ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிடும்போது கேட்டார். "ஏம்ப்பா, இங்க கிட்டக்க மிலிட்டரி கேம்ப் எதுனா இருக்கா?"

நார்த் கரோலினாவுல உக்காந்துக்கிட்டு கேக்கற கேள்வியா இது! திருப்பதியில நின்னுக்கிட்டு இங்க கோயில் இருக்கான்னு கேட்ட மாதிரி. எங்க வீட்டுலேருந்து ஒண்ணே கால், ஒன்றரை மணி நேர டிரைவ்ல இருக்கு ஃபோர்ட் பிராக். 1918-ல ஆரம்பிச்சது. சுமார் 1,60,000 ஏக்கர். பாராசூட்ல குதிக்கிற 82-வது ஏர்போர்ன் டிவிஷனோட வீடு அதுதான். 2023-ல ஃபோர்ட் லிபர்ட்டின்னு பேர் மாத்தினாங்க, 2025-ல மறுபடி ஃபோர்ட் பிராக்னே ஆக்கிட்டாங்க. (நம்ம ஊர்ல தெருப்பேரை மாத்தறதை இனிமே கிண்டல் பண்றதா இல்ல.)

விசிட்டர் விசாவுல வந்தவரைக் கூட்டிக்கிட்டு நேரா கேட்டுல போய் நிக்க முடியாது. ஆனா பக்கத்துல சதர்ன் பைன்ஸ்னு ஒரு சின்ன ஊர், அங்க வேமத் உட்ஸ்னு மாநில அரசோட காடு ஒண்ணு இருக்கு. ஆபீஸ்ல கூட வேலை பார்க்கிற ஒரு வெள்ளைக்காரர் சொல்லியிருந்தார், "அங்கேருந்தே குண்டு வெடிக்கிற சத்தம் கேக்கும்"னு. அது போதும் அப்பாவுக்கு. அம்மாவும் தங்கமணியும் மோரிஸ்வில் இந்தியக் கடைக்குப் போறோம்னு கழண்டுக்கிட்டாங்க. நானும் அப்பாவும் மட்டும் கிளம்பினோம்.

இதுல எனக்கு ஒரு உள்நோக்கம் இருந்துச்சு. அதை இப்பவே சொல்லிடறேன்.

ஊர்ல ஏரிக்கரையை ஒட்டி எங்களுக்கு மூணு ஏக்கர் நிலம். மானாவாரி. வரப்புல பனை, ரெண்டு புளியமரம், ஓரத்துல ஒரு வேம்பு. சுத்தி இருந்த நிலமெல்லாம் பிளாட் போட்டு கல்லு நட்டு கலர் கொடி கட்டியாச்சு. புரோக்கர் எனக்கே வாட்ஸப்ல பேசறார். வித்துட்டு மேடவாக்கத்துல ஒரு ஃபிளாட் வாங்கிப் போடலாம்ங்கிறது என் கணக்கு. ரெண்டு தடவை பேச்சை எடுத்தேன். ரெண்டு தடவையும் அப்பா துண்டை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு பால்கனிக்குப் போயிட்டார். கார்ல பால்கனி இல்லையே, அதான்!

*

போனா, காடு நான் நினைச்ச மாதிரி இல்ல. காடுன்னா அடர்த்தியா, உள்ள இருட்டா இருக்கும்னு நினைச்சிருந்தேன். இது வெளிச்சமான காடு. மரத்துக்கு மரம் நல்ல இடைவெளி, கீழ முழங்கால் உயரப் புல்லு. நெட்டுக்குத்தா நிக்கிற பைன் மரங்க, ஒவ்வொரு ஊசி இலையும் ஒரு அடி நீளம் இருக்கும். லாங்லீஃப் பைன்னு பேரு. அடிமரமெல்லாம் ஒரு ஆள் உயரத்துக்குக் கருகிக் கிடந்துச்சு.

"இன்னாடா இது, யாரு கொளுத்துனது?"ன்னார் அப்பா.

அங்க இருந்த ரேஞ்சர் அம்மாகிட்ட கேட்டேன். அவங்க சிரிச்சுக்கிட்டே, "நாங்கதான்"னாங்க.

அப்போ தூரத்துல 'டொம்'முனு ஒரு சத்தம். கொஞ்சம் விட்டு இன்னொண்ணு. அப்பா நிமிர்ந்தார். "நூத்தியஞ்சு எம்.எம்."ன்னார். முகத்துல மூணு வாரமா நான் பார்க்காத ஒரு களை.

ரேஞ்சர் அம்மா சொன்னதையும், அன்னிக்கு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிச்சு நான் படிச்சதையும் கலந்துதான் இனி எழுதறேன்.

அமெரிக்காவோட தென்கிழக்குப் பகுதி முழுக்க, வர்ஜீனியாவுல ஆரம்பிச்சு டெக்சாஸ் வரைக்கும், ஒரு காலத்துல சுமார் 9 கோடி ஏக்கருக்கு இந்த லாங்லீஃப் காடு இருந்துச்சாம். மரக்கப்பலுக்குப் பூசற தார் இந்த மரத்துப் பிசின்லேருந்துதான் வந்துச்சு. நார்த் கரோலினாக்காரங்களுக்கு 'தார் ஹீல்'னு பட்டப்பேர் வந்ததும் அந்தத் தொழில்னாலதான். தார் எடுத்து, பலகை அறுத்து, வயல் போட்டு, வீடு கட்டி, 20-ம் நூற்றாண்டு முடியறப்போ மிஞ்சினது 30 லட்சம் ஏக்கர் அளவுக்குத்தான். நூத்துக்கு மூணு.

இந்த மரத்துக்கு நெருப்பு வேணும். கன்னு முளைச்சு முதல் சில வருஷம் புல்லுக்கட்டு மாதிரியே தரையில உக்காந்திருக்கும். மேல நெருப்பு ஓடினாலும் நடுக்குருத்தை ஊசி இலைங்க மூடிக் காப்பாத்திடும். போட்டிக்கு வர்ற ஓக் கன்னெல்லாம் கருகிடும், அப்புறம் இது விர்ருனு மேல ஏறும். முன்னாடி மின்னல் வெச்ச நெருப்பு, பூர்வகுடிங்க வெச்ச நெருப்பு. 20-ம் நூற்றாண்டுல அரசாங்கம் "காட்டுத் தீயை அணை, அணை"ன்னு அணைச்சதுல காடு மூச்சு முட்டிப் போச்சு.

அணைக்காத இடம் ஒண்ணு இருந்துச்சு. பீரங்கி ரேஞ்ச்! குண்டு விழுந்தா புல்லு பத்திக்கும். வெடிக்காத குண்டு கிடக்கிற இடத்துல உள்ள போய் யார் அணைப்பா? அங்க யார் வீடு கட்டுவா? ஒரு நூற்றாண்டா யாரும் திட்டம் போடாமலே அந்தக் காடு தப்பிச்சிருக்கு. செயின்ட் ஃபிரான்சிஸ் சேட்டர்னு ஒரு சின்ன பழுப்பு வண்ணத்துப்பூச்சி, உலகத்துலயே ஃபோர்ட் பிராக்லதான் இருக்கு. 1983-லதான் கண்டுபிடிச்சாங்க. 1995-ல அழியும் உயிரினப் பட்டியல்ல நிரந்தரமா சேர்த்தாங்க. நிக் ஹடாட்னு ஒரு விஞ்ஞானி, அது இருந்த இடங்களை ஒரு தொந்தரவும் வராம பொத்திப் பொத்திக் காப்பாத்தியிருக்கார், அங்கெல்லாம் அது குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. குண்டு விழற இடத்துல போய்ப் பார்த்தா அங்க நல்லா இருக்கு. அதுக்கும் நெருப்பு வேணும், நீர்நாய் மாதிரி இருக்கிற பீவர் அணை கட்டித் தேக்கற ஈரமும் வேணும்.

இதை அப்பாவுக்குச் சொன்னேன். "ரேஞ்சுக்குள்ள முயலு, மான் எல்லாம் பயமில்லாம திரியும், நானே பார்த்துருக்கேன்"னார். "மனுசன் வரமாட்டான்னு அதுங்களுக்குத் தெரியும்."

*

சரி, ஹீரோவுக்கு வருவோம். ரெட் காக்கேடட் மரங்கொத்தி. கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட உடம்பு, வெள்ளைக் கன்னம். நம்ம ஊர் மைனாவை விடச் சின்னது. பேர்லதான் சிவப்பு, ஆணுக்கு மட்டும் காது மேல நூல் அளவுக்கு. பைனாகுலர் வெச்சாலும் தெரியறது கஷ்டம்.

மத்த மரங்கொத்தியெல்லாம் பெரும்பாலும் பட்டமரத்துல பொந்து போடும். இது மட்டும் உயிரோட நிக்கிற பைன் மரத்துலதான் போடும். அதுவும் கெழட்டு மரமா வேணும், எம்பது நூறு வயசாவது ஆகியிருக்கணும். அந்த வயசுலதான் உள்ள ஒரு பூஞ்சை வந்து நடுக்கட்டை மெத்துனு ஆகும். ஒரு பொந்து முடிக்க வருஷக்கணக்காகும். (நம்ம ஊர் மேம்பாலம் மாதிரி.) அப்புறம் பொந்தைச் சுத்தி சின்னச் சின்னதா கொத்தி விட்டுடும். பிசின் மெழுகுவத்தி உருகின மாதிரி வழியும். மரம் ஏறுற பாம்புக்கு அதுதான் வேலி. கூட்டுக்குடும்பம் வேற. முந்தின வருஷத்துப் பசங்க கூடவே இருந்து தம்பி தங்கச்சிக்கு இரை ஊட்டும்.

கெழட்டு மரம் போனதும் இதுவும் போச்சு. 1970-லயே அழியும் உயிரினப் பட்டியல்ல ஏத்திட்டாங்க. 1973-ல வந்த சட்டம் இன்னும் கடுசு. எந்த ஃபெடரல் துறையும், ராணுவம் உட்பட, இந்த மாதிரி ஒரு உயிரினம் அழியறதுக்குக் காரணமா இருக்கக் கூடாது.

1990-ல வந்துச்சு ஓலை. ஃபோர்ட் பிராக் பயிற்சி இந்தப் பறவையோட இருப்புக்கே ஆபத்துன்னு மீன், வனவிலங்குத் துறை எழுத்துல கொடுத்துடுச்சு. பொந்து இருக்கிற மரத்துக்கெல்லாம் வெள்ளைப் பட்டை அடிச்சாங்க. அதைச் சுத்தி 200 அடிக்குள்ள பங்கர் வெட்டக் கூடாது, கேம்ப் போடக் கூடாது, மறைப்புக்குக் கிளை ஒடிக்கக் கூடாது. வண்டிங்களுக்கும் கட்டுப்பாடு.

அப்பா நின்னுட்டார். "சண்டைக்கு ட்ரெய்னிங் எடுக்கறவனை ஒரு குருவி நிறுத்துச்சா?"

அவருக்கு அது ஜீரணமே ஆகலை. பட்டாளத்துல ஆபீசர் கை காட்டின இடத்துல பள்ளம் வெட்டணும், மரம் குறுக்க நின்னா மரம் போகணும். 1990-ல ஃபோர்ட் பிராக்ல இருந்தவங்களும் அப்பா கட்சிதான். எரிச்சல்னா அப்படி ஒரு எரிச்சல்.

ஆனா கூத்து என்னன்னா, அதே சட்டம் வேலிக்கு வெளிய வேற மாதிரி வேலை செஞ்சுச்சு. சட்டம் தனியாருக்கும் உண்டு. உன் நிலத்துல இந்தப் பறவை வந்து உக்காந்தா அதைச் சுத்தி இருக்கிற மரத்தை நீ வெட்ட முடியாது. நிலக்காரன் என்ன பண்ணுவான்? மரத்தை எம்பது வயசு வரைக்கும் விட்டாத்தானே வரும், அம்பதுலயே வெட்டிடு! 'சுடு, புதை, வாயை மூடு'ன்னு அங்க ஒரு பேச்சே இருந்துச்சாம். கதை இல்ல. நார்த் கரோலினா நிலங்களை வெச்சு 2003-ல வந்த ஒரு பொருளாதார ஆய்வு, இந்தப் பறவைங்களுக்குப் பக்கத்துல இருந்த நிலத்துல மரத்தைச் சீக்கிரமே வெட்டியிருக்காங்கன்னு கணக்குப் போட்டுக் காட்டுச்சு. பறவையைக் காப்பாத்த வந்த சட்டம், பறவை வர்றதுக்கு முன்னாடியே அதோட வீட்டை இடிக்க வெச்சுருக்கு.

இதைச் சொல்லி முடிச்சதும் அப்பா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "உங்க தாத்தாவும் அதான் செஞ்சாரு"ன்னார்.

*

இது நான் கேட்டதே இல்லாத கதை.

எங்க ஊர்லேருந்து பார்த்தா ஜவ்வாது மலை தெரியும். சந்தன மரத்துக்குப் பேர் போன மலை. சந்தனப் பழத்தைக் குருவி தின்னுட்டு எங்கயாவது எச்சம் போடும், கன்னு தானா முளைக்கும். எங்க நிலத்துல அந்த வேம்புக்கு அடியில வருஷா வருஷம் ரெண்டு மூணு கன்னு வருமாம். தாத்தா காலையில போய் முதல் வேலையா அதைப் புடுங்கிப் போடுவாராம்.

"ஏம்ப்பா?"

"வளர்ந்தா வம்பு. மரம் நம்ம நிலத்துல இருக்கும், ஆனா நம்மளுது இல்ல. எவனாவது ராத்திரி வெட்டிக்கினு போயிட்டா ஃபாரஸ்ட்காரனும் போலீசும் நம்ம வீட்டு வாசல்ல நிப்பான். ஏழை எதுக்குடா சந்தன மரம் வளர்க்கணும்?"

பட்டா நிலத்துச் சந்தன மரம் நிலக்காரனுக்கே சொந்தம்னு தமிழ்நாட்டுல சட்டத்தைத் திருத்தினது 2002-லதான். இப்பவும் வெட்டறதும் விக்கறதும் வனத்துறை வழியாத்தான், ஆனா மரத்துக்குக் காசு வரும். தாத்தா அதுக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்துட்டார்.

"குருவி போட்டுக்கினே இருந்துச்சு, இவரு புடுங்கிக்கினே இருந்தாரு"ன்னார் அப்பா. சிரிக்கலை.

*

இங்க 1995-ல ரெண்டு விஷயம் நடந்துச்சு. எனக்கு இந்தக் கதையிலேயே பிடிச்ச இடம் இதுதான்.

முதல் விஷயம், 'சேஃப் ஹார்பர்'னு ஒரு ஒப்பந்தம். நாட்டுலயே முதல் தடவை இந்த சாண்ட்ஹில்ஸ் பகுதியிலதான் போட்டாங்க. விஷயம் ரொம்ப சிம்பிள். இன்னிக்குத் தேதிக்கு உன் நிலத்துல எத்தனை மரங்கொத்திக் குடும்பம் இருக்குன்னு எண்ணி எழுதிக்குவோம். அதுக்கு மட்டும் நீ பொறுப்பு. நீ நல்லா பார்த்துக்கிட்டதால நாளைக்குப் புதுசா வந்தா, அதுக்காக உன் கையைக் கட்ட மாட்டோம். முதல்ல கையெழுத்துப் போட்டது யார் தெரியுமா? பைன்ஹர்ஸ்ட் கோல்ஃப் ரிசார்ட்! பறவையைப் பார்த்து பயந்த நிலக்காரங்க, வந்தா வந்துட்டுப் போவட்டும்னு மரத்தை நிக்க விட்டாங்க. எங்க தாத்தாவுக்கு இந்த மாதிரி ஒரு பேப்பர் கிடைச்சிருந்தா அந்த வேம்படியில இன்னிக்கு என்ன நின்னிருக்கும்!

ரெண்டாவது, ராணுவமே இறங்கி வந்துச்சு. வேலிக்கு வெளிய மரமெல்லாம் போய் வீடா வந்துக்கிட்டிருந்தா, பறவைக்கு மிஞ்சறது ராணுவ நிலம் மட்டும்தான். அப்போ சட்டத்தோட மொத்த பாரமும் ராணுவத்து தலையில விழும். வீடு வந்தா இன்னொரு தலைவலி, "ராத்திரி குண்டுச் சத்தத்துல குழந்தை தூங்கலை"ன்னு புகார் வரும். பறவைக்கு எது வேணுமோ அதேதான் பட்டாளத்துக்கும் வேணும், பக்கத்துல யாரும் வீடு கட்டாத நிலம். அதனால 'தி நேச்சர் கன்சர்வன்சி' அமைப்போட ஒப்பந்தம் போட்டு, சுத்தி இருக்கிற நிலத்தை வாங்கவும், 'கட்டடம் கட்ட மாட்டேன்'ங்கிற உரிமையை மட்டும் காசு கொடுத்து வாங்கவும் ராணுவம் பணம் போட்டுச்சு. நிலம் அவன்கிட்டயே இருக்கும், மரம் வளர்ப்பான், பிளாட் மட்டும் போட மாட்டான். இது வேலைக்கு ஆகுதுன்னு தெரிஞ்சு 2002-ல நாடு முழுக்க செய்யலாம்னு தனிச் சட்டமே வந்துச்சு.

உள்ளயும் வேலை நடந்துச்சு. மூணு வருஷத்துக்கு ஒரு தடவை நெருப்புச் சுத்தி வர்ற மாதிரி காட்டைப் பங்கு பிரிச்சுக் கொளுத்தினாங்க. கெழட்டு மரம் பத்தாத இடத்துல பெட்டி மாதிரி பொந்து செஞ்சு மரத்துல பதிச்சாங்க. (வருஷக்கணக்கு வேலை சில மணி நேரத்துல முடிஞ்சுடும். பறவை ஏன்னு கேக்காம குடி வந்துடுச்சு.) குஞ்சுங்க கால்ல கலர் வளையம் மாட்டி ஒவ்வொண்ணா எண்ணினாங்க. 1997-லேருந்து இயற்கை வளம் இருக்கிற ஒவ்வொரு ராணுவத் தளமும், தன்கிட்ட என்ன இருக்கு, எப்படிப் பார்த்துக்கப் போறோம்னு திட்டம் எழுதித்தான் ஆகணும்.

2006-ல ஃபோர்ட் பிராக் பகுதிக்கு வெச்ச இலக்கு, 350 குடும்பம், அஞ்சு வருஷம் முன்னாடியே எட்டிடுச்சு. பயிற்சிக் கட்டுப்பாடுங்களையும் படிப்படியா தளர்த்தினாங்க. நாடு முழுக்க 1970-கள்ல சுமார் 1,500 கூட்டமா இருந்தது இப்போ ஏறத்தாழ 7,800. 2024 அக்டோபர்ல 'அழியும் நிலை'யிலேருந்து 'அச்சுறுத்தல் நிலை'க்கு ஒரு படி இறக்கினாங்க. பட்டியல்ல இறங்கறதுதான் இங்க புரமோஷன்!

*

உடனே "ஆஹா, அமெரிக்க மிலிட்டரி போல வருமா"ன்னு நான் ஜால்ரா அடிக்கறதா நினைச்சு அருவாளைத் தூக்காதீங்க. இதே நார்த் கரோலினாவுல கடலோரம் இருக்கு கேம்ப் லெஜூன், மரீன் படைத் தளம். 1953-லேருந்து 1987 வரைக்கும் அங்க குடிதண்ணியில டிரை கிளீனிங் ரசாயனமும் எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கிற ரசாயனமும் கலந்திருந்துச்சு. சிப்பாய்ங்க, அவங்க பொண்டாட்டி புள்ளைங்க எல்லாரும் அதைத்தான் குடிச்சாங்க. கேஸ் போடறதுக்கே 2022-ல தனிச் சட்டம் வர வேண்டியிருந்துச்சு.

மேரிலாண்ட்ல அபர்டீன்னு இன்னொரு ராணுவத் தளம். ரசாயனக் கழிவைக் கண்டபடி போட்டு வெச்சதுக்காக 1989-ல மூணு பேரைக் குற்றவாளின்னு தீர்ப்பு சொன்னாங்க. மூணு பேரும் சிவிலியன் இன்ஜினியருங்க. "நாங்க அரசாங்க ஊழியர், எங்களை இந்தச் சட்டம் கட்டாது"ன்னு வாதாடினாங்க, எடுபடலை. 1992 வரைக்கும் கழிவு விஷயத்துல மாநில அரசு ராணுவத்துக்கு அபராதமே போட முடியாது. அந்த வருஷம்தான் அதுக்குச் சட்டம் வந்துச்சு.

இதைப் படிச்சப்போ எனக்குக் கொஞ்சம் உறுத்துச்சு. நானும் இன்ஜினியர்தான். என் புராஜெக்ட்லயும் மூணு மாசத்துக்கு ஒரு தடவை கம்ப்ளையன்ஸ் ஷீட் வரும். அறுபது கேள்வி. போன தடவை நிரப்பினதை காப்பி பண்ணி, தேதியை மட்டும் மாத்தி, எல்லாத்துக்கும் 'யெஸ்' போட்டு அனுப்பிட்டு காபி குடிக்கப் போயிடுவேன். ஒரு தடவை கூட சர்வர்ல போய் உண்மையிலேயே அது இருக்கான்னு பார்த்ததில்லை. அந்த மூணு பேரும் இப்படித்தான் ஆரம்பிச்சிருப்பாங்களோ என்னமோ. ஃபோர்ட் பிராக் பொழைச்சதுக்குக் காரணம் நல்ல மனசுன்னு எனக்குத் தோணலை. யாரோ ஒருத்தன் மரம் மரமாப் போய் எண்ண வேண்டிய கட்டாயம் வந்துச்சு. எண்ண ஆரம்பிச்சப்புறம்தான் தன்கிட்ட என்ன இருக்குன்னு அவங்களுக்கே தெரிஞ்சுருக்கு.

*

சாயங்காலம் வரைக்கும் இருந்தா பறவை பொந்துக்குத் திரும்பறதைப் பார்க்கலாம்னு ரேஞ்சர் அம்மா சொன்னதால ஒரு மரத்துக்கு எட்டக் காத்துக்கிட்டிருந்தோம். பிசின் வழிஞ்சு வெள்ளையா உறைஞ்ச மரம். பொழுது சாயற நேரம். சின்னப் புள்ளைங்க ரப்பர் பொம்மையை அமுக்கினா வருமே, அந்த மாதிரி 'கீச், கீச்'னு சத்தம். ஒண்ணு வந்து பட்டையில ஒட்டிக்கிச்சு. சுத்தி ஒரு ரவுண்டு பார்த்துச்சு, டபக்குனு உள்ள போயிடுச்சு. அவ்வளவுதான், பத்து செகண்ட். தூரத்துல மறுபடி 'டொம்'. அது வெளிய எட்டிக் கூடப் பார்க்கலை.

"பழகிருச்சு"ன்னார் அப்பா.

திரும்பி வரும்போது கார்ல நானே ஆரம்பிச்சேன். "அப்பா, அந்த நிலம்..."

இந்தத் தடவை அவர் வெளிய பார்க்கலை. "நான் விக்க மாட்டேன்னு உங்கிட்ட எப்பவாது சொன்னேனா?"

யோசிச்சுப் பார்த்தேன். சொன்னதே இல்ல.

"பட்டாளத்துல ஒருத்தன்கிட்டேருந்து ஸ்டோர் சார்ஜ் வாங்கறப்ப லிஸ்ட் போடுவோம். மம்முட்டி எத்தனை, தார்ப்பாய் எத்தனை, கயிறு எத்தனை அடி. ஒவ்வொண்ணா எண்ணிப் பார்த்துத்தான் கையெழுத்து. எண்ணாம கையெழுத்துப் போட்டவன் மாட்டுனான். நீ அந்த நிலத்தை விக்கணும்ங்கற. சரி. அதுல பனை எத்தனை இருக்கு, சொல்லு."

எனக்குத் தெரியலை.

"பதினேழு. ஏரி நெம்புனா தண்ணி எந்த மடை வழியா உள்ள வரும்?"

தெரியலை.

"எண்ணாத பொருளை நீ எப்புடிடா விக்கிற?"

சான்ஃபர்ட் தாண்டற வரைக்கும் ரெண்டு பேரும் பேசலை. அப்புறம் அவரே சொன்னார். "சுத்தி எல்லாரும் வித்துட்டாங்க. நடுவுல நம்ம மூணு ஏக்கர் மட்டும் நின்னு இன்னா பண்ணும்னு எனக்கும் தெரியல. இங்க வேலிக்கு வெளிய இருக்கறவனுக்கும் காசு கொடுத்து நிறுத்தி வெச்சிருக்கான். நமக்கு யாரு கொடுப்பா? விக்கத்தான் வேணும்னா விப்போம். எண்ணிட்டு விப்போம்."

வீட்டுக்கு வந்து புரோக்கருக்கு மெசேஜ் போட்டேன், டிசம்பர்ல ஊருக்கு வரேன், அதுவரைக்கும் பேச வேணாம்னு. "சார் ரேட்டு இறங்கிடும்"னு அழற பொம்மையோட பதில் வந்துச்சு. இறங்கட்டும். ஒரு நோட்டு வாங்கி வெச்சிருக்கேன். அப்பா முன்னாடி நடப்பார், நான் எழுதிக்கிட்டே பின்னாடி போகணும். அதுக்கப்புறம் விக்கறோமா இல்லையான்னு இன்னிக்கு என்னால சொல்ல முடியலை. முதல்ல வேம்படியைப் பார்க்கணும். இப்போ புடுங்கறதுக்கு ஆள் இல்ல. குருவி இன்னும் வந்துக்கிட்டிருந்தா ஏதாவது முளைச்சிருக்கும்.

உங்க ஊர்ல இந்த மாதிரி ஏதாவது மரத்தையோ பறவையையோ பார்த்து 'வளர்ந்தா வம்பு'ன்னு பெரியவங்க புடுங்கிப் போட்ட கதை இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க மக்கா. நிஜமாவே தெரிஞ்சுக்கணும்னு ஆசை.

டிஸ்கி: திங்கக்கிழமை காலையில கம்ப்ளையன்ஸ் ஷீட்டைத் திறந்து, அறுபது கேள்விக்கும் சர்வர்ல போய்ப் பார்த்து பதில் எழுதினேன். ஒன்பது 'நோ' வந்துச்சு. மேனேஜர் மீட்டிங் போட்டிருக்கார். திரும்பி வந்தா அடுத்த பதிவுல சந்திப்போம். அவ்வ்வ்வ்!